நடுவர் நிறுத்திய கடிகாரம்

என் மனைவிக்குச் செஸ் ஆடத் தெரியும், ஆனால் ஆட மாட்டாள். ஆடுகிறவர்கள் நடுவில் நின்றுகொண்டு, அவர்கள் கடிகாரத்தை ஒழுங்காக அழுத்துகிறார்களா என்று பார்ப்பாள். சனி, ஞாயிறு வந்தால் போதும். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், நடந்தால் சத்தமே வராத ரப்பர் செருப்பு, கழுத்தில் 'நடுவர்' என்று எழுதிய அட்டை. கல்யாணத்துக்குக் கிளம்புவதற்குக் கூட இந்த அக்கறை இருக்காது.

மற்ற நாட்களில் பெரிய மருத்துவமனையில் எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் எடுக்கிற வேலை. "மூச்ச இழுங்க, பிடிங்க, ம்... விடுங்க." நாள் முழுக்க அவள் பேசுவது அவ்வளவுதான். வீட்டிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் பேசுவாள் என்று பெண் பார்க்கப் போனபோது யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான் பெயின்ட் கடை வைத்திருக்கிறவன். ஒரு டப்பா வார்னிஷ் வாங்க வந்தவரிடம் அவர் மச்சினிச்சி கல்யாணம் வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் சில்லறையைக் கொடுப்பேன். கடவுள் எங்களை ஜோடி சேர்த்தபோது கண்ணாடி போட மறந்திருக்க வேண்டும்.

அவளைச் செஸ் பக்கம் இழுத்து வந்தது அவளுடைய அண்ணன். என் மச்சான். அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிய கை, காயை நகர்த்தியதும் கடிகாரத்தின் மேல் தொம்மென்று இறங்கும். பக்கத்து மேஜையில் யோசித்துக்கொண்டிருப்பவர் பதறி எழுந்துவிடுவார். அதனால் செஸ் கூடத்தில் அவருக்கு 'இடி' என்று பெயர். பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. இடி என்றால் வாசலில் நிற்கிற காவலாளிக்குக் கூடத் தெரியும்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் இவள் அண்ணனுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோயிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து, ஒரு மேஜையில் கடிகாரத்தை வைத்து இரண்டு பேருக்குச் சண்டை. காயை எந்தக் கையால் நகர்த்துகிறோமோ அந்தக் கையால்தான் கடிகாரத்தை அழுத்த வேண்டும். ஒரு கை நகர்த்தவும் இன்னொரு கை அழுத்தவும் தயாராக இருந்தால் அது திருட்டு விநாடி. நடுவர் பார்க்கவில்லை. ஆடிய இரண்டு பேரும் சத்தியம் செய்யாத குறை. சாப்பாட்டு டப்பாவோடு ஓரமாக நின்ற இந்தப் பெண், "அவர் வலது கையால நகர்த்தி இடது கையால அழுத்தினார். அதுக்கு முந்தின தடவையும் அப்படித்தான்," என்றாளாம். கையும் களவுமாகப் பிடிபட்டவர் ஒப்புக்கொண்டாராம். அன்றைக்கு நடுவராக இருந்த பெரியவர்தான் இவளை நடுவர் தேர்வு எழுதச் சொன்னவர்.

செஸ் கடிகாரம் என்றால் என்னவென்று எனக்கே வெகுநாள் பிடிபடவில்லை. ஒரு பெட்டி, அதில் இரண்டு கடிகாரம், ஆளுக்கு ஒன்று. நான் காயை நகர்த்தி என் பக்கத்து லீவரை அழுத்தினால் என்னுடையது நிற்கும், உங்களுடையது ஓடும். நீங்கள் அழுத்தினால் மறுபடி என்னுடையது ஓடும். ஆட்டம் முழுவதற்கும் சேர்த்து இவ்வளவு நேரம் என்று முதலிலேயே அளந்து கொடுத்துவிடுவார்கள். அது தீர்ந்தால், பலகையில் நீங்கள் எவ்வளவு பெரிய புலியாக இருந்தாலும் தோற்றவர் நீங்கள்தான். முன்பெல்லாம் முள் கடிகாரம், அதில் ஒரு சின்னச் சிவப்புக் கொடி. முள் அதைத் தூக்கிக்கொண்டே போய் நேரம் முடிந்ததும் பொத்தென்று விட்டுவிடும். இப்போது எல்லாம் எண்கள். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் கொஞ்சம் விநாடிகளைத் திருப்பிக்கூடக் கொடுக்கும். அழுத்தினால்தான் கொடுக்கும், அதுதான் விஷயம்.

அழுத்த மறப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல நகர்த்தலைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் காயை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். எதிராளி தலையைக் குனிந்து யோசிக்கிற மாதிரி பாவனை செய்வார். அது அவருடைய உரிமை. மறந்தவரின் நேரம் ஓட்டைக் குடம் மாதிரி ஒழுகிக்கொண்டிருக்கும். சுற்றி நிற்கிற எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் மூச்சு விடக் கூடாது. நடுவரும்தான்.

ஒரு தடவை ஒரு பல் டாக்டர் அப்படி உட்கார்ந்திருந்தார். வேடிக்கை பார்ப்பவர்களைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் மனைவி அவருக்கு இரண்டடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கல்லுளிமங்கன் மாதிரி நின்றாள். வீட்டுக்கு வரும் வழியில் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? பாவம் அந்த மனுஷன். ஒரு இருமல் இருமியிருந்தா போதுமே?"

"அவரோட நேரம் அவரோடதுங்க. அதப் பறிக்கவும் நான் யாரு, எடுத்துக் குடுக்கவும் நான் யாரு?"

"பேசறதுக்குக் காசா கேக்கறாங்க?"

"கேட்டா சொல்வேன். கேக்காம சொல்ல மாட்டேன்."

இதுதான் அவள். எனக்கும் என் தம்பிக்கும் கடைப் பங்கு விஷயத்தில் சண்டை வந்தபோது ஒரு வாரம் ஒரே வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தாள். கடைசியில் நானே போய், "நான் செஞ்சது சரியா தப்பா, சொல்லித் தொலையேன்," என்றேன். "தப்பு," என்றாள். அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் தம்பி வீட்டுக்குப் போனேன்.

சொந்த அண்ணன் என்றாவது தயவு உண்டா என்றால், அதுவும் கிடையாது. கடிகாரத்தை இடிப்பதும் விதிப்படி குற்றம். ஒரு போட்டியில் அத்தனை பேர் முன்னால் அவர் மேஜைக்குப் போய், "இது எச்சரிக்கை. இன்னொரு தடவை இப்படி அடிச்சா எதிராளிக்கு ரெண்டு நிமிஷம் கூடுதலாக் குடுப்பேன்," என்றாள். அவர் இன்னொரு தடவை அடித்தார். இவள் கொடுத்தாள். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, என்னிடம் சொன்னார்: "மாப்ள, வெளியாள்கிட்டப் பேசற மாதிரிப் பேசறா பாரு. கூடப் பிறந்தவளா இது?" கோபமாகத்தான் சொன்னார். ஆனால் அதையே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தார். பெருமையில்லாமல் யாராவது அப்படிச் சொல்வார்களா?

மச்சானுக்கு ஒரே ஒரு ஆசை. நகரக் கோப்பை. வருஷா வருஷம் கடைசிச் சுற்று வரைக்கும் முன்னால் வந்து இரண்டாவதாகப் போவார். கூடத்தில் அவரை 'மாப்பிள்ளைத் தோழன்' என்று கேலி செய்வார்கள். மேடை வரைக்கும் போவார், மாலை மட்டும் பக்கத்து ஆளுக்கு. கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. "இந்த வருஷம் இல்லன்னா இனிமே இல்ல மாப்ள," என்று கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருஷம் நிலைமை அபாரமாக இருந்தது. கடைசி ஆட்டத்தில் டிரா செய்தாலே கோப்பை. எதிராளி ஒரு பேக்கரிக்காரர். விடியற்காலையில் எழுந்து அடுப்போடு கிடந்துவிட்டு, கண்ணில் தூக்கத்தோடு வந்து அசராமல் ஆடுகிறவர். அண்ணன் ஆடுகிற மேஜைக்கு இவள் நிற்க மாட்டாள். இன்னொரு நடுவர் நிற்பார், அதுதான் வழக்கம். ஆனால் அன்றைக்கு அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். இவள் பேக்கரிக்காரரிடம் போய், "உங்களுக்கு ஆட்சேபம் இருந்தா ஆட்டத்த நாளைக்குத் தள்ளி வைக்கறேன்," என்றாள். அவர் சிரித்துவிட்டார். "நீங்க நின்னா அவருக்குத்தான் நஷ்டம் மேடம்," என்றார்.

மூன்று மணி நேரம் தாண்டியது. மற்ற மேஜைகள் எல்லாம் முடிந்து, ஆட்கள் இந்த ஒரு மேஜையைச் சுற்றிக் கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். நானும், நான் அக்கா என்று கூப்பிடுகிற மச்சானின் மனைவியும் முன்வரிசையில். அக்கா செஸ்ஸைப் பார்க்கவில்லை, கையிலிருந்த கைக்குட்டையைப் பிசைந்துகொண்டிருந்தாள். மச்சானின் கடிகாரத்தில் சில நிமிடங்கள்தான் மிச்சம். அவர் நகர்த்துவார், தங்கையின் எச்சரிக்கைக்கு எட்டாத அளவுக்கு அடக்கி இடிப்பார். பேக்கரிக்காரர் யோசிப்பார், நகர்த்துவார், பூ மாதிரி அழுத்துவார். மச்சான் மறுபடி இடிப்பார். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க எனக்குத் தெம்பாக இருந்தது.

பிறகு மச்சான் யானையை ஒரு கட்டம் தள்ளினார். கையைக் கடிகாரத்தின் பக்கம் கொண்டுபோனார். நாற்காலியில் சாய்ந்தார்.

சத்தம் வரவில்லை. எண்கள் அவர் பக்கத்திலேயே இறங்கிக்கொண்டிருந்தன.

மறந்துவிட்டாரே மனுஷன்! இத்தனை வருஷம் இடித்துத் தள்ளியவர் இன்றைக்குப் போயா மறக்க வேண்டும்? பேக்கரிக்காரர் குனிந்த தலை நிமிரவில்லை. சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் என் மனைவியைப் பார்த்தேன். பல் டாக்டர் பக்கத்தில் நின்ற அதே மாதிரிதான் நின்றாள். அந்த நிமிடத்தில் அவளை எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒளிப்பானேன்.

ஆனால் அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அண்ணனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சான் நகர்த்தலைத் தாளில் எழுதப் பேனாவை எடுத்தார். பேனா விரலிலிருந்து நழுவியது. மறுபடி எடுத்தார், மறுபடி நழுவியது. அதை இடது கைக்கு மாற்றினார். அவர் இடது கையால் எழுதி நான் பார்த்ததே இல்லை.

இவள் இரண்டே எட்டில் மேஜைக்குப் போனாள். நடுவிலிருந்த பட்டனை அழுத்தினாள். இரண்டு பக்கமும் எண்கள் நின்றன.

கூடமே கசமுசவென்றாகிவிட்டது. "தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க," என்று எனக்குப் பின்னால் ஒரு குரல். பேக்கரிக்காரர் தூக்கம் கலைந்து நிமிர்ந்தார். "மேடம், நீங்களா இப்படி?" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

எல்லோரையும்விட அதிகமாகக் கொதித்தவர் மச்சான். நாக்கு குழறியது, கோபத்தில்தான் குழறுகிறது என்று நாங்கள் நினைத்தோம். "பாப்பா, ஏன் நிறுத்தின? நான் மறந்தா மறந்துட்டுப் போறேன். உன்ன யாரு சொல்லச் சொன்னா? இத்தன பேர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்திட்டியே!"

"நீ மறக்கலண்ணா. நீ அழுத்தினே. கைதான் அழுத்தல." அவள் குரல் உயரவே இல்லை. "ரெண்டு கையையும் நேராத் தூக்கு."

"எதுக்கு?"

"தூக்குண்ணா."

தூக்கினார். இடது கை நின்றது. வலது கை ஈரத்துணி மாதிரி மெல்ல இறங்கியது. அவரே அதைத் திரும்பிப் பார்த்தார், யாருடைய கையோ என்பது போல.

"இப்பச் சிரி."

"சிரிக்கற நிலைமையா இது?" என்று கேட்கும்போதே அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது எங்களுக்கெல்லாம் தெரிந்தது. அக்கா கயிற்றைத் தாண்டி ஓடினாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகம். இவள் தன் மருத்துவமனைக்கே போன் போட்டாள். பக்கவாதம், வலது பக்கம், சி.டி. மெஷினைக் காலியாக வையுங்கள் என்றாள். எப்போது ஆரம்பித்தது என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். வழக்கமாக நோயாளியின் வீட்டார், 'மத்தியானம் இருக்கும், சாப்பிட்ட பிறகு' என்று இழுப்பார்கள். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்தைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏற்றினால்தான் பலன், தாமதமானால் அதுவே ஆபத்து என்று அவள் எப்போதோ சொல்லியிருக்கிறாள். "இதுக்கு முந்தின நகர்த்தலுக்கு நல்லா அடிச்சார். அப்ப கடிகாரத்துல இருந்த நேரம் எனக்குத் தெரியும்," என்று நிமிடக் கணக்கைச் சொன்னாள். ஆம்புலன்ஸ் வந்தது. அக்கா கூடவே ஏறினாள். மச்சானைத் தூக்கி வைக்கும்போது தங்கையின் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் கார் சாவியோடு நின்றேன். "வா, போலாம்."

"ஆட்டம் முடியலையே," என்றாள்.

என் காதையே நான் நம்பவில்லை. "உனக்குப் பைத்தியமா?"

"அங்க போய் நான் செய்யறதுக்கு ஒண்ணும் இல்லங்க. டாக்டருங்க பாத்துக்குவாங்க. இங்க என்னைத் தவிர நடுவர் இல்ல. கொஞ்ச நிமிஷம்தான். முடிச்சிட்டு வந்துடறேன்."

பேக்கரிக்காரர் எழுந்து நின்றார். அவர் முகம் மாவு பூசினது போல் வெளுத்திருந்தது. "மேடம், நான் டிரா குடுத்துடறேன். கோப்பை அவருக்கே போகட்டும்."

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. அத்தனை வருஷ ஆசை. ஒரு தலையாட்டல் போதும். அவள் அவரைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

"நீங்க கேக்கறது எங்க அண்ணன்கிட்ட. அவர்தான் சரின்னு சொல்லணும். அவர் இங்க இல்ல. அவருக்காக நான் சொல்ல முடியாது சார்."

"அப்ப அவர் ஆட்டத்த விட்டுட்டார்னு எழுதிடுங்க. ஏன் இப்படி உங்களயே வதைக்கறீங்க?"

"அவர் விடல. விடாத ஆள விட்டார்னு எப்படி எழுதறது?"

சொல்லிவிட்டு, நிறுத்திய கடிகாரத்தை மறுபடி ஓடவிட்டாள். மச்சானின் பக்கம் ஓடியது. காலி நாற்காலிக்கு முன்னால் எண்கள் இறங்கின. யாரும் போகவில்லை. முணுமுணுத்த ஆளும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் நின்ற எனக்கு மட்டும், அந்தக் கைகள் ஒன்றையொன்று எப்படி நெரித்துக்கொண்டிருந்தன என்று தெரியும். மனைவி மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பூஜ்யம் வந்தது. முடிவை எழுதினாள், பேக்கரிக்காரரிடம் கையெழுத்து வாங்கினாள். காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் அழுதாள். நான் அன்று வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. மருந்து நேரத்துக்கு ஏறியதால் மச்சான் பிழைத்தார், கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பேச்சு மட்டும் சில நாட்கள் வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது. ஆனால் தங்கை அறைக்குள் வந்தால் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார். அவர் மனதில் இருந்தது ஒன்றுதான்: கடிகாரத்தை அழுத்தாத அண்ணனுக்குத் தங்கை ஜாடை காட்டிக் காப்பாற்றினாள், ஊர் இனிமேல் தன்னை அப்படித்தான் பேசும். கோப்பை போனதைவிட அது அவரை அரித்தது. அன்று கூடத்தில் பிறகு நடந்தது அவருக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது.

"நானாவது சொல்றேனே," என்று கெஞ்சினேன்.

"அவர் கேக்கட்டும். தெரிஞ்சுக்கணும்னு தோணும்போது கேப்பார்," என்றாள். ஷிஃப்ட் முடிந்ததும் தினமும் மேலே ஏறி வந்து, சுவரைப் பார்க்கும் முதுகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

ஒரு சாயங்காலம், சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "ஆட்டம்... என்னாச்சு?"

அவள் சொன்னாள். கடிகாரத்தைத் திரும்ப ஓடவிட்டதைச் சொன்னாள். அது தீரும் வரை நின்றதைச் சொன்னாள். பேக்கரிக்காரருக்குத்தான் வெற்றி, நீ இரண்டாவது என்றாள். மச்சான் மெல்ல இந்தப் பக்கம் புரண்டார். அக்கா தலையணையைச் சரிசெய்தாள். தங்கையைப் பார்த்தார். முகத்தில் இத்தனை நாளும் இருந்த இறுக்கம் விட்டுப்போனது.

"ஓட... விட்டியா?"

"விட்டேண்ணா."

"முழுசா?"

"முழுசா."

"நல்லது," என்றார். பெரிய பாரத்தை இறக்கி வைத்த மாதிரி ஒரு மூச்சு.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "டிரா தர்றேன்னு அவரே சொன்னார் மச்சான். இவதான் வாங்கல. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல," என்றேன்.

மச்சானுக்கு வந்ததே கோபம். படுக்கையில் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். "டிராவா? யாருக்கு வேணும் டிரா? நான்... ஜெயிச்சிட்டிருந்தேன்!"

அக்கா அவரைப் பிடித்துப் படுக்கவைத்தாள். மச்சான் விடவில்லை. தங்கையைப் பார்த்து, வராத வார்த்தைகளை இழுத்து இழுத்துக் கேட்டார். "நீ... பாத்தேல்ல? சொல்லு பாப்பா. நான் ஜெயிச்சிட்டிருந்தேனா, இல்லையா?"

கடிகாரத்தை நிறுத்தப் போனபோதும், மறுபடி அதை ஓடவிட்டபோதும் பலகை அவள் கண்ணெதிரே இருந்திருக்கிறது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆமாண்ணா," என்றாள். "இன்னும் நாலு நகர்த்தல்ல முடிஞ்சிருக்கும். நீதான் ஜெயிச்சிட்டிருந்தே."

மச்சான் ஒரு பக்கம் இன்னும் சரியாக வராத வாயால் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. அதைத் துடைக்கக்கூட இல்லாமல் அக்கா பக்கம் திரும்பினார்.

"கேட்டியா?" என்றார். "நடுவரே சொல்லிட்டாங்க."